இணையத்தைக் கட்டுப்படுத்துவது யார்? – மதுரை வழக்குகளின் வழியே ஒரு வரலாறு

முன்னுரை

இணையத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசும்போது அமெரிக்கா, ஐரோப்பா, சீனா என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்காட்டுகள் வருகின்றன. ஆனால் இந்தச் சிக்கலின் ஏறக்குறைய எல்லா முகங்களும் மதுரையிலேயே வழக்குகளாக வந்திருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்டது. அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் உயிரைப் பறிக்கும் விளையாட்டு என்று அஞ்சப்பட்ட ஒன்று, இணைய முடக்கம், டிக்டாக் செயலி, இணையவழிச் சீட்டாட்டம் ஆகிய நான்கும் இந்த நீதிமன்றத்தின் முன் வந்தன.

இந்த வழக்குகளைக் கால வரிசையில் பார்த்தால், நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டதை அறியலாம். நடந்ததற்குப் பொறுப்பானவர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்பதே அந்தக் கேள்வி. அதற்கு விடை கிடைத்த இடத்தில் சட்டம் ஓரளவு வேலை செய்தது. விடை கிடைக்காத இடத்தில் உத்தரவு தாளிலேயே நின்றது. இதை மாணவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலூர் கிராமங்களுக்கு வந்த இணையம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பெருநகரங்களில் தொடங்கிய அந்தச் சேவை ஆறே ஆண்டுகளில் மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரக் கிராமங்களை எட்டியது. 2001-இல் ‘சாரி’ என்ற பெயரில் ஒரு திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஹார்வர்டு பல்கலைக்கழகம், என்-லோக் நிறுவனம் ஆகியவை இதில் பங்கேற்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் மூலம் நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட் வேகத்தில் இணைப்பு தரப்பட்டது. இன்றைய கைபேசி வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய வேகம். ஆனாலும் ஒரு கிராமத்துப் பெண் பிறப்புச் சான்றிதழுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் தம் ஊரிலிருந்தே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப முடிந்தது. கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி மருத்துவரிடம் யோசனை கேட்கவும் முடிந்தது.

இந்த மையங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே. வருமானம் போதாததாலும், அரசு அலுவலகங்களின் ஒத்துழைப்பு தொடராததாலும் சில ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட மையங்கள் மூடப்பட்டன. எனினும் அந்தக் காலத்து இணையத்தின் ஒரு தன்மையை நாம் நினைவில் கொள்ள வேண்டும். இணையம் அப்போது ஓர் இடத்தில் இருந்தது. அந்த இடத்துக்கு ஒரு கதவும், அதைத் திறந்து மூட ஒரு பொறுப்பாளரும் இருந்தனர்.

நாலரை அடித் தடுப்பு

நகரத்தில் அந்த இடத்துக்குப் பெயர் பிரவுசிங் சென்டர். தேர்வு முடிவு வெளியாகும் நாளில், நான் பணியாற்றிய பள்ளியின் மாணவர்கள் பதிவெண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு இந்தக் கடைகளின் வாசலில் காத்திருப்பார்கள். பெற்றோரில் பலர் கணினியை முதன்முதலாக அருகில் பார்த்தது அந்த நாளில்தான்.

இணையத்தை ஆள்வது என்றால் இந்தக் கடையை ஆள்வது என்றே அரசும் அன்று கருதியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் இணைய மையங்களுக்கான விதிகள் 2011 ஏப்ரலில் வெளியிடப்பட்டன. கடைக்கு வருபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். பெயர், முகவரி, உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம், பயன்படுத்திய கணினி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதை ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாத சிறுவர்கள் பெரியவர் ஒருவருடன்தான் வர வேண்டும். கணினிகளுக்கு இடையே வைக்கும் தடுப்பு நாலரை அடி உயரத்தைத் தாண்டக்கூடாது.

இந்த விதிகளில் குறைகள் உண்டு. ஒருவர் எந்தக் கணினியில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைக் கடைக்காரர் எழுதி வைப்பது தனியுரிமைக்கு உகந்ததா என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. ஆனால் விதி யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதில் குழப்பமே இல்லை. கடைக்காரர் உள்ளூரில் இருந்தார். மீறினால் காவல்துறை அவரிடம் வந்து கேட்க முடியும்.

குற்றம் செய்தவர் உள்ளூரில் இருந்தால் சட்டம் விரைவாகச் செயல்பட்டதற்கும் சான்று உண்டு. இணையக் குழுக்களில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசச் செய்திகளைப் பரப்பியவருக்கு, சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனையாக இது குறிப்பிடப்படுகிறது.

விதிகள் வெளிவந்த சில ஆண்டுகளில் விலை குறைந்த திறன்பேசிகளும் மலிவான டேட்டாவும் பரவின. நாலரை அடித் தடுப்பு பொருளற்றுப் போனது. கடை ஒவ்வொருவர் சட்டைப் பைக்குள்ளும் வந்துவிட்டது. அந்தக் கடையின் உரிமையாளரோ கலிபோர்னியாவிலோ பெய்ஜிங்கிலோ இருந்தார்.

2017: தடை செய்ய ஏதுமில்லாத தடை

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கான போராட்டம் அலங்காநல்லூரிலும், மதுரை தமுக்கத்திலும், சென்னை மெரினாவிலும் எழுந்தது. கட்சித் தலைமை இல்லாமல் இளைஞர்கள் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியே திரண்டனர். கைபேசி இணையத்தின் வலிமையைத் தமிழ்நாடு கண்கூடாகக் கண்ட நிகழ்வு அது.

அதே ஆண்டின் ஆகஸ்ட் இறுதியில், மதுரைப் பகுதியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவரின் மரணத்துக்கு ‘நீலத் திமிங்கலம்’ என்ற இணைய விளையாட்டு காரணம் என்று செய்தி பரவியது. பெற்றோரிடையே பெரும் அச்சம் ஏற்பட்டது. மதுரைக் கிளையின் நீதிபதிகள் கே.கே. சசிதரன், ஜி.ஆர். சுவாமிநாதன் ஆகியோர் 2017 செப்டம்பரில் தாமாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டனர். அந்த விளையாட்டுக்கான இணைப்புகளை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு அரசுகளுக்கு உத்தரவிடப்பட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்பதையும் நீதிமன்றம் வலியுறுத்தியது. முன்னதாக, ஆகஸ்ட் 11 அன்றே மத்திய அரசு கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு இது பற்றிக் கடிதம் எழுதியிருந்தது.

ஆனால் ‘நீலத் திமிங்கலம்’ என்ற பெயரில் தடை செய்யத்தக்க ஒரு செயலி இல்லை. அது சமூக ஊடகங்களில் தனிப்பட்ட உரையாடல்களின் வழியே நடப்பதாகச் சொல்லப்பட்ட ஒன்று. ஆராய்ந்த குழுவால், எந்த மரணத்திலும் இந்த விளையாட்டின் தொடர்பை உறுதிசெய்ய முடியவில்லை என்று மத்திய அரசு 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இளைஞர்களின் துயரம் உண்மையானது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் மட்டும் உறுதிப்படவில்லை. ஆபத்து எதுவென்று தெளிவாக அறியாமல் பிறப்பிக்கும் தடையால் அச்சம்தான் கூடும் என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. மனம் சோர்ந்த பிள்ளையிடம் பேச வீட்டிலோ பள்ளியிலோ ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்வி அந்தப் பரபரப்பில் பின்னுக்குப் போய்விட்டது.

2018: இணையம் நின்ற ஐந்து நாட்கள்

கட்டுப்பாடு என்பது குடிமக்களைக் காப்பதற்கு மட்டும் பயன்படுவதில்லை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள், மே 23 அன்று, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாட்களுக்கு இணையச் சேவையை நிறுத்தத் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. வதந்திகள் பரவாமல் தடுப்பதே நோக்கம் என்று அரசு விளக்கியது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும், அதன்கீழ் 2017 ஆகஸ்டில் இயற்றப்பட்ட விதிகளும் இதற்கு அடிப்படையாக இருந்தன. வெள்ளையர் ஆட்சியில் தந்திக்காக எழுதப்பட்ட சட்டம் கைபேசி இணையத்தை நிறுத்தப் பயன்பட்டதை வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் அந்த மே 23 அன்றுதான். மேற்படிப்புக்கான விவரங்களைத் தேட வேண்டிய நாட்களில் மூன்று மாவட்டப் பிள்ளைகளுக்கு இணையம் இல்லை. இணையவழிப் பணப் பரிமாற்றம், பயணச்சீட்டு முன்பதிவு ஆகியவையும் நின்றன. மதுரைக் கிளையில் வழக்கு வந்தபோது, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் எதற்காக இணையத்தை நிறுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. அதையடுத்து அந்த இரு மாவட்டங்களிலும் சேவை திரும்பியது.

பின்னர், காஷ்மீர் இணைய முடக்கம் தொடர்பான அனுராதா பசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையத்தைக் காலவரையின்றி நிறுத்தக்கூடாது. நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும். அவை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று அத்தீர்ப்பு கூறியது. இணையத்தை நிறுத்தும் அரசும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதே இதன் சாரம்.

2019: டிக்டாக்கும் 21 நாட்களும்

மதுரையின் பெயரை உலகச் செய்தியாக்கியது டிக்டாக் வழக்கு. ஆபாசக் காட்சிகளும் சிறுவர்களுக்கு ஆபத்தான தொடர்புகளும் இச்செயலியில் இருப்பதாகக் கூறி, மதுரையைச் சேர்ந்த வழக்கறிஞர் எஸ். முத்துக்குமார் பொதுநல மனு தாக்கல் செய்தார். நீதிபதிகள் என். கிருபாகரன், எஸ்.எஸ். சுந்தர் ஆகியோர் 2019 ஏப்ரல் 3 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தனர். அதில் மூன்று பகுதிகள் இருந்தன. முதலாவது, டிக்டாக் செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடை செய்ய வேண்டும். இரண்டாவது, அதில் எடுத்த காணொளிகளைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பக்கூடாது. மூன்றாவது, சிறுவர்களின் இணையத் தனியுரிமையைக் காக்க அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்டது போன்ற சட்டத்தை மத்திய அரசு கொண்டுவருமா என்று தெரிவிக்க வேண்டும்.

செயலியின் உரிமையாளரான சீனாவின் பைட்டான்ஸ் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஆனால் உடனடித் தடை கிடைக்கவில்லை. ஏப்ரல் நடுவில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் செயலிக் கடைகளிலிருந்து டிக்டாக்கை இந்தியாவில் அகற்றின.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் இருந்த ஒரு பதினோராம் வகுப்பு மாணவனிடம், “இனி டிக்டாக் இல்லையாமே?” என்று கேட்டேன். “ஏற்கெனவே போன்ல இருக்கே சார், அது பாட்டுக்கு ஓடுது. இல்லாதவனுக்கு நான் அனுப்பி விடுறேன்” என்றான். நிலைமை அதுதான். உத்தரவு புதிய பதிவிறக்கத்தையே தடுத்தது. கைபேசியில் ஏற்கெனவே இருந்த செயலி வழக்கம்போல் இயங்கியது. செயலிக் கடைக்குச் செல்லாமலே ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு அதை அனுப்பவும் வழி இருந்தது.

நீதிமன்றத்துக்கு உதவ மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதர் நியமிக்கப்பட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவின்படி, பிறர் பதிவேற்றும் உள்ளடக்கத்துக்கு இடைநிலை நிறுவனம் நேரடிப் பொறுப்பல்ல என்றும், சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்றை நீதிமன்றம் முழுமையாகத் தடை செய்வது சரியல்ல என்றும் அவர் எடுத்துரைத்தார். தகாத காணொளிகளை வடிகட்டும் ஏற்பாடுகள் தன்னிடம் இருப்பதாக நிறுவனம் உறுதியளித்தது. அந்த உறுதி மீறப்பட்டால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படும் என்ற எச்சரிக்கையுடன், ஏப்ரல் 24 அன்று தடை நீக்கப்பட்டது. தடை பிறந்து அன்றோடு 21 நாட்கள் ஆகியிருந்தன.

பதினான்கு மாதங்களுக்குப் பின், 2020 ஜூன் 29 அன்று, கல்வான் பள்ளத்தாக்கு மோதலைத் தொடர்ந்து மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. இம்முறை பயன்பட்டது அதே சட்டத்தின் 69ஏ பிரிவு. சொல்லப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். சேவையே நிறுத்தப்பட்டதால் தெருப் பையனின் கைபேசியிலும் டிக்டாக் நின்றது. ஆனால் ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ‘ஷார்ட்ஸ்’ வந்தது. குறுங்காணொளி என்ற பழக்கம் அப்படியே வேறு நிறுவனங்களுக்கு இடம் மாறியது. மதுரை நீதிமன்றம் கவலைப்பட்டது சிறுவர்களின் பாதுகாப்பைப் பற்றி. ஒரு செயலி போனதால் அந்தக் கவலை தீரவில்லை.

நீதிமன்றத்தின் மூன்றாவது கேள்விக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒரு விடை கிடைத்தது. 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அவையும் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. மூன்று வாரத்தில் நீங்கிய தடையைவிட, அந்த உத்தரவில் இருந்த இந்தக் கேள்வியே நிலைத்த பயன் தரக்கூடியது எனலாம்.

சீட்டுக்கட்டு கைபேசிக்குள் வந்த கதை

தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-இல் இயற்றப்பட்டது. சூதாட்டம் நடக்கும் ‘விடுதி’ என்ற ஓர் இடத்தை மையமாகக் கொண்டே அது எழுதப்பட்டது. திறமையால் வெல்லும் விளையாட்டுகளுக்கு அதில் விலக்கும் உண்டு. சீட்டாடியதாகத் தொடரப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு 2020 ஜூலையில் மதுரைக் கிளைக்கு வந்தது. அதை விசாரித்த நீதிபதி பி. புகழேந்தி, இணையவழி ரம்மி இளைஞர்களைப் பாழாக்குவதைச் சுட்டிக்காட்டி, அரசு சட்டம் இயற்றும் என்ற எதிர்பார்ப்பைத் தெரிவித்தார். நேரில் சீட்டாடுபவர் காவல் நிலையம் போகிறார். கைபேசியில் ஆடுபவருக்கோ வரவேற்பு போனஸ் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது என்பதே அன்றைய நிலை. அவ்வாண்டு நவம்பரில் வேறொரு வழக்கில், இத்தகைய விளம்பரங்களில் தோன்றிய புகழ்பெற்றவர்களுக்கும் மதுரைக் கிளை நோட்டீஸ் அனுப்பியது.

2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021-இல் அது சட்டமானது. திறமை விளையாட்டுகளையும் சேர்த்து முழுமையாகத் தடை செய்தது அளவுக்கு மீறியது என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று அச்சட்டத்தை ரத்து செய்தது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச் 23 அன்று அது மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்பதால் அவற்றுக்கு விதித்த தடையை மட்டும் நீக்கி, சட்டத்தின் மற்ற பகுதிகளை ஏற்றது.

அரசு அதன்பின் முழுத் தடையை விட்டு ஒழுங்குமுறைக்கு வந்தது. 2025-இல் வெளியான விதிகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை விளையாட்டைத் திறக்கக்கூடாது என்றன. இவ்விதிகளை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று ஏற்றது. ஆகஸ்ட் 22 அன்று மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாடின்றி, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் அது தடை செய்கிறது. அவற்றுக்கான விளம்பரங்களையும் வங்கிப் பரிமாற்றத்தையும் தடுக்கிறது. விளையாட்டை நடத்துபவர் எந்த நாட்டில் இருந்தாலும், பணம் போகும் வங்கி நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இங்கே பிடித்தது அந்த முனையைத்தான்.

வழக்குகள் காட்டும் சிக்கல்கள்

இந்த வரலாற்றிலிருந்து நான்கு சிக்கல்களைத் தொகுத்துக் கூறலாம்.

1. எல்லைச் சிக்கல்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, இந்தியாவில் உள்ள கணினியைப் பாதிக்கும் வெளிநாட்டுக் குற்றத்துக்கும் பொருந்தும் என்கிறது. எழுத்தில் எல்லை விரிந்தாலும், ஆளைப் பிடிக்கும் கை அவ்வளவு நீளாது. இதனால்தான் 2021 பிப்ரவரியில் வந்த விதிகள், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள் இந்தியாவில் வசிக்கும் பொறுப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்றன. பிரவுசிங் சென்டர் காலத்துக் கடைக்காரரைப் போல, கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதே இதன் கருத்து.

2. அளவுச் சிக்கல்: தடை பெரும்பாலும் தேவைக்கு மேல் பரவிவிடுகிறது. ‘3’ திரைப்படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்க 2012-இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த உத்தரவை வைத்து, இணைய நிறுவனங்கள் வீமியோ போன்ற முழுத் தளங்களையே முடக்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஜூனில் விளக்க வேண்டியிருந்தது.

3. உரிமைச் சிக்கல்: இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவகுத்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ஆபாசத்தையும் மோசடியையும் தடுக்கத் தரும் அதிகாரம், விமர்சனத்தை அடக்கவும் பயன்படக்கூடும் என்ற அச்சம் இன்றும் நியாயமானதே.

4. காலச் சிக்கல்: சட்டம் இயற்ற ஆண்டுகள் ஆகின்றன, தொழில்நுட்பம் மாதங்களில் மாறுகிறது. பிரவுசிங் சென்டர் விதிகள் வெளியானபோதே அந்தக் கடைகளின் காலம் முடியத் தொடங்கியிருந்தது.

முடிவுரை

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்துள்ளது. அது போன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று அதே மாதத்தில் மதுரைக் கிளையும் யோசனை கூறியது. அப்படி ஒரு சட்டம் வந்தால், அதை மேலே சொன்ன நான்கு சிக்கல்களையும் கொண்டு மாணவர்கள் சோதித்துப் பார்க்கலாம். பொறுப்பானவர் யார்? தடை தேவைக்கு மேல் பரவுகிறதா? யாருடைய உரிமை குறைகிறது? சட்டம் நடைமுறைக்கு வரும்போது தொழில்நுட்பம் எங்கே போயிருக்கும்? அப்படிச் சட்டம் வந்தாலும், வயதைச் சரிபார்க்க எல்லாருடைய அடையாளத்தையும் நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டி வருமா என்பது இன்னொரு கேள்வி.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளோடு இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். சட்டம் நிறுவனத்தையும் அரசையும் பொறுப்பாக்க வேண்டும். அதற்காக நீதிமன்றம் செல்வதும் குடிமக்களின் கடமைதான். ஆனால் அந்தப் பதினோராம் வகுப்பு மாணவன் தன் கைபேசியில் என்ன பார்க்கிறான், அதைப் பற்றி யாரிடம் பேசுகிறான் என்பதை எந்த உத்தரவும் அறியாது. அதை அறியும் இடத்தில் இருப்பவர்கள் பெற்றோரும் ஆசிரியரும்தான்.